தங்கைக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். போன மாதம் தனியார் டாக்டரிடம் பாப் ஸ்மியர், அதாவது கருப்பை வாயின் செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, எடுத்தேன். கருப்பை வாயில் லேசான மாற்றம் தெரிகிறது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய எச்.பி.வி. 16 என்ற வைரஸும் இருக்கிறது என்றார். கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபி பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில் நானும் என் தங்கையும் ஓர் ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்திருந்தோம். அந்த முடிவு வந்தது. தங்கைக்கு இந்த வைரஸை எதிர்க்க உடம்பு இரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதாம், எனக்கு இல்லையாம். அவளுடைய ஸ்மியரும் சுத்தம். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் உடம்புக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி இல்லையா? எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துவிட்டேன், இல்லை. நாளுக்கு ஐந்தாறு சிகரெட் பிடிப்பேன். மாமியார் ஒரு கஷாயம் காய்ச்சித் தருகிறார். அதைச் சில மாதம் குடித்து, எதிர்ப்பொருள் வந்த பிறகு கோல்போஸ்கோபிக்குப் போகலாமா? கல்யாணமாகி 19 வருடம். இந்த முடிவு வந்ததிலிருந்து கணவரும் நானும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. என் 10 வயது மகளின் பள்ளியில் இதே வைரஸுக்குத் தடுப்பூசி போட ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோல்போஸ்கோபி தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். கஷாயத்துக்காகவும் வேண்டாம், எதிர்ப்பொருளுக்காகவும் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதற்கு வருகிறேன். ஏனென்றால் நீங்கள் காத்திருக்க நினைக்கும் அந்த எதிர்ப்பொருள் நாளையே உங்கள் இரத்தத்தில் வந்து நின்றாலும், கருப்பை வாயில் ஏற்கெனவே குடியிருக்கும் வைரஸை அது வெளியேற்றப் போவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் பயத்தில் பாதி இறங்கிவிடும் என்று நம்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் அம்மை வந்தால் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ச்சல் கொதிக்கும், உடம்பெல்லாம் வேர்க்குருவாய்ப் போடும், வாசலில் வேப்பிலை ஏறிவிடும். தட்டம்மை வைரஸ் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றுகிறது. நம் காவல் செல்கள் எல்லாமே அதைப் பார்த்துவிடுகின்றன. அதனால்தான் அந்த அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்று பாட்டிமார் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். நோய் வந்தால் எதிர்ப்பு வரும், எதிர்ப்பு வராவிட்டால் உடம்பில் கோளாறு என்று நாம் எல்லோரும் நினைப்பது அந்த அனுபவத்திலிருந்துதான்.

எச்.பி.வி. அந்த ஜாதி வைரஸ் அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக உள்ளே போய், மேல்தோலின் அடி அடுக்கில் உள்ள செல்களில் இறங்குகிறது. அங்கே சத்தமில்லாமல் சில பிரதிகளாக மட்டும் இருக்கிறது. அந்தச் செல்கள் வளர்ந்து மேலே மேலே வரும்போதுதான் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. தன் வெளிக்கூட்டைக் கட்டுவது எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில், எப்படியும் உதிரப் போகிற செல்லில். அந்தச் செல் தன் ஆயுள் முடிந்து தானாக உதிர்கிறது, வைரஸும் அதோடு வெளியே போகிறது. செல் வெடிப்பதில்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. முக்கியமாக, வைரஸ் இரத்தத்துக்குள் வருவதே இல்லை. எதிர்ப்பொருளோ அந்த வெளிக்கூட்டைப் பார்த்துத்தான் உண்டாகிறது. அந்தக் கூடு தோலின் உச்சியில் இருக்க, செய்தியைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு போக வேண்டிய காவல் செல்கள் கீழே இருக்கின்றன. செய்தி போய்ச் சேர்ந்தால்தானே உடம்பு எதிர்ப்பொருள் செய்யும்?

அதனால் எச்.பி.வி. தொற்றிய பெண்களில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத்தான் இரத்தத்தில் அளக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் தெரியவருகிறது. மற்றவர்களுக்குத் தெரிவதே இல்லை. அவர்கள் யாரும் பலவீனமானவர்கள் அல்லர். தெரிகிறவர்களுக்கும் உடனே தெரிவதில்லை. தொற்று வந்து பல மாதங்கள், பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டி, சிலருக்கு அதற்கும் மேலே ஆகிறது. உங்கள் தொற்று எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவேளை புதிதாக இருந்தால், உங்கள் இரத்தத்தை எடுத்த நாளில் உடம்பு இன்னும் ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

சரி, யாருக்கு அதிகம் வருகிறது, யாருக்குக் குறைவாக வருகிறது? வைரஸ் எவ்வளவு காலம் தங்கியது, எவ்வளவு இருந்தது என்பவைதான் எல்லாவற்றிலும் கனமான காரணங்கள். நீண்ட நாள் தங்கிய தொற்று, திரும்பத் திரும்ப வந்த தொற்று, அளவில் அதிகமான வைரஸ், இவை இருந்தால் எதிர்ப்பொருள் உண்டாக வாய்ப்பு கூடுகிறது. வந்த வேகத்தில் உடம்பு துடைத்துவிட்ட தொற்று இரத்தத்தில் எந்தத் தடயமும் விடாமலே போய்விடலாம். இதை யோசித்துப் பாருங்கள். மிகச் சுறுசுறுப்பாக வைரஸை விரட்டிய பெண்ணுக்கும் எதிர்ப்பொருள் இல்லை என்று முடிவு வரலாம். வருடக்கணக்கில் வைரஸோடு இருந்த பெண்ணுக்கு இருக்கிறது என்று வரலாம். அப்படி இருக்க, அந்தக் காகிதத்தை எப்படி உடம்பின் பலத்துக்கு மதிப்பெண் பட்டியலாக எடுத்துக்கொள்வது?

உங்கள் தங்கையின் முடிவு சொல்வது இவ்வளவுதான்: எச்.பி.வி. 16 அவரையும் ஒரு காலத்தில் தொட்டிருக்கிறது, போதுமான நாள் தங்கியிருக்கிறது. அதை வெளியேற்றியது எதிர்ப்பொருள் அல்ல. டி செல்கள் என்ற இன்னொரு படை. தொற்றிய செல்லைத் தேடிப் பிடித்து அழிப்பது அவற்றின் வேலை. அந்தப் படையின் பலத்தை நீங்கள் கொடுத்த இரத்தப் பரிசோதனை அளப்பதே இல்லை. எதிர்ப்பொருளின் வேலை வேறு. புதிதாக வரும் வைரஸைச் செல்லுக்குள் நுழையும் முன்பே மூடிப் பிடிப்பது. உள்ளே போய்விட்ட வைரஸிடம் அதற்குக் கை எட்டாது.

தங்கையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எதிர்ப்பொருள் இருக்கிறது, எனக்கு இனி பயமில்லை என்று அவர் இருந்துவிடக் கூடாது. இயற்கையாக வந்த எச்.பி.வி. 16 எதிர்ப்பொருள் பெண்களுக்கு மறுதொற்று வரும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பொருளின் அளவு அதிகமாக இருந்தால் பாதுகாப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். அதுவும் அந்த ஒரு ரகத்துக்கு மட்டும்தான். எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு ரகங்கள் காரணம் என்றாலும், மீதிக்கு வேறு சில ரகங்கள் உண்டு. அவரும் தன் முறை வரும்போது ஸ்மியர் எடுக்கத்தான் வேண்டும்.

பரிசோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த எதிர்ப்பொருள் பரிசோதனை ஆராய்ச்சிக்கானது. ஓர் ஊரில், ஒரு வயதில் எத்தனை பேரை இந்த வைரஸ் தொட்டிருக்கிறது என்று கணக்கெடுக்கவும், தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவும் பயன்படுகிறது. எந்த அளவுக்குக் கீழே இருந்தால் இல்லை என்று எழுதுவது என்ற கோட்டை ஒவ்வொரு ஆய்வகமும் தன் முறைக்கு ஏற்பக் கிழிக்கிறது. அதே இரத்தத்துக்கு இன்னொரு முறையில் வேறு பதில் வரலாம். ஒரு தனிப்பட்ட பெண்ணுக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுக்க நான் அதை எப்போதும் கேட்டதில்லை, உலகில் எந்த நெறிமுறையும் கேட்கச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அந்த முடிவை இப்படி விளக்கம் இல்லாமல் உங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதனால் நீங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

எச்.ஐ.வி. இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நம் நாட்டில் இதைப் படிக்கும் பலருக்கு அந்தத் தொற்று இருக்கும், அவர்களுக்காக இங்கே ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் எச்.பி.வி. எதிர்ப்பொருள் பெரும்பாலும் அதிகமாகத்தான் காணப்படுகிறது. கேட்பதற்கு முரணாக இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் எதிர்ப்பொருள் எப்படி அதிகம்? டி செல்கள் குறைந்துபோவதால் வைரஸ் வெளியேறாமல் தங்குகிறது, தங்குவதால் எதிர்ப்பொருள் கூடுகிறது. ஆக, எதிர்ப்பொருள் நிறைய இருந்தும் இந்தப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு. எதிர்ப்பொருள் மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த உடனேயே ஸ்மியர் எடுக்க வேண்டும், நன்றாக இருந்தாலும் 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். மற்ற பெண்களுக்கு அரசு கிளினிக்குகளில் 30 வயது முதல் 10 ஆண்டுக்கு ஒன்றாக மூன்று ஸ்மியர் இலவசம். அந்த மூன்றையும்கூட எடுக்காமல் விடுகிறவர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர். டாக்டர் முன்னால் காலை விரித்துப் படுப்பதா என்ற கூச்சம் எனக்குத் தெரியும். முதல் தடவை நானும் அந்தப் படுக்கையில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

சிகரெட்டை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. மறைத்திருந்தால் இந்தப் பதிலில் உங்களுக்கு உதவக்கூடிய முக்கியமான வரி விடுபட்டிருக்கும். புகையின் நச்சுப் பொருள்கள் நுரையீரலோடு நிற்பதில்லை. கருப்பை வாயின் சளியில் நிக்கோடினை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் காவல் செல்களின் எண்ணிக்கை புகைப்பவர்களிடம் குறைகிறது. ஏற்கெனவே செய்தி போய்ச் சேருவது கஷ்டமான இடம், அதில் செய்தி கொண்டு போகிறவர்களும் குறைந்தால் என்ன ஆகும்? வைரஸ் தங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. புகைப்பழக்கம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்பது உறுதி செய்யப்பட்ட விஷயம். கஷாயத்தால் செய்ய முடியாததை சிகரெட்டை விடுவதால் நீங்கள் செய்ய முடியும். ஐந்தாறுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஐந்தாறு என்பதால்தான் விடுவதும் எளிது.

மாமியாரின் கஷாயத்தில் என்ன போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இஞ்சி, மிளகு, துளசி போன்ற சமையலறைச் சரக்கு என்றால் அவர் அன்பாகக் காய்ச்சித் தருவதை மறுக்க வேண்டாம், குடியுங்கள். ஆனால் அதைக் குடித்து எச்.பி.வி. போனதாக யாரும் காட்டியதில்லை. பெயர் தெரியாத பொடி என்றால் வேண்டாம். எதுவாக இருந்தாலும் அதைப் பெண்ணுறுப்பில் தடவுவது, உள்ளே விட்டுக் கழுவுவது கூடவே கூடாது. அங்கே இயற்கையாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது கெடுத்துவிடும்.

கருத்தடை மாத்திரை, ஊசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பவர்கள் பலர். எதிர்ப்பொருளோடு ஹார்மோனுக்கு உள்ள உறவு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஒன்று மட்டும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சொல்கிறேன். இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் கருப்பை வாயின் சளியிலும் கசிந்து வருகிறது. அந்தச் சளியில் அதன் அளவு மாதம் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை, கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஒரே பெண்ணின் உடம்பில், ஒரே மாதத்துக்குள் இவ்வளவு மாறும் என்றால், அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் என்ன பொருள்?

இப்போது, கணவரும் நீங்களும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் மிகவும் கனமான வரி அதுதான். இந்த வைரஸ் உடலுறவில் பரவுவது உண்மை. ஆனால் இது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் போய்விடுகிறது. சிலருக்குப் போனது போல அடங்கி, அளக்க முடியாத அளவில் ஒளிந்திருந்து, பல வருடம் கழித்து மறுபடி தலைகாட்டுகிறது. நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் இன்று தெரியும் தொற்று கல்யாணத்துக்கு முன்னால் இருவரில் ஒருவருக்கு வந்ததாகக்கூட இருக்கலாம். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் எல்லோரையும் ஏறக்குறைய இது ஒருமுறையாவது தொட்டுவிட்டுத்தான் போகிறது. உங்கள் கணவரையும் பரிசோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆண்களுக்கு வழக்கமாகச் செய்யும் எச்.பி.வி. பரிசோதனை கிடையாது. அவர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடினாலும் பதில் கிடைக்காது, ஆண்களுக்குத் தொற்று வந்தாலும் எதிர்ப்பொருள் உண்டாவது பெண்களைவிட மிகக் குறைவு. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவரும் உங்களைச் சந்தேகிக்க முடியாது, நீங்களும் அவரைச் சந்தேகிக்க முடியாது. முடிந்தால் இந்தப் பத்தியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். கோல்போஸ்கோபி அன்று அவரையும் கூட வரச் சொல்லுங்கள். டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சு சுலபமாகும்.

மகளின் படிவத்தில் இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். தாய்க்கு வராத எதிர்ப்பொருள் மகளுக்குத் தடுப்பூசியால் வருமா என்று உள்ளூர ஒரு சந்தேகம் இருக்கலாம். நிச்சயமாக வரும். தடுப்பூசியில் வைரஸ் இல்லை, அதன் வெளிக்கூடு மட்டும்தான் இருக்கிறது, உள்ளே மரபுப்பொருள் கிடையாது. 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் ஜியான் சோவும் அந்தக் கூட்டைத் தனியாகச் செய்துகாட்டினார்கள். அமெரிக்காவில் டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் ஆகியோரும் அதே பாதையில் உழைத்தார்கள். முதல் தடுப்பூசி 2006இல் வந்தது. தோலின் உச்சியில் யார் கண்ணிலும் படாமல் இருந்த கூடு, ஊசி வழியாகப் புஜத்தின் தசைக்குள் நேராக இறங்குகிறது. காவல் செல்கள் நிறைந்த இடம், நிணநீர்க் கணுவுக்கு நேர் வழி. அதனால் இயற்கைத் தொற்றில் வருவதைப் போலப் பத்து மடங்கு, அதற்கும் எவ்வளவோ மேலே எதிர்ப்பொருள் ஏறுகிறது, போட்டுக்கொண்ட ஏறக்குறைய எல்லோருக்கும் ஏறுகிறது. இந்த வயதில் போடுவதற்கு இரண்டு காரணம். வைரஸ் தொடும் முன்பே போட வேண்டும் என்பது ஒன்று. 9 முதல் 15 வயதுப் பெண் குழந்தைகளின் உடம்பு, வளர்ந்த பெண்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பு எதிர்ப்பொருள் செய்கிறது என்பது இன்னொன்று. நம் நாட்டில் 2014இல் அரசுப் பள்ளிகளில் 4ஆம் வகுப்புப் பெண் குழந்தைகளுக்கு இரண்டு தவணையாக இதைப் போட ஆரம்பித்தார்கள். 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையே போதும் என்று ஏற்றுக்கொண்டது. எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. சின்னப் பெண்ணுக்கு ஏன் இப்படி ஓர் ஊசி, கெட்டுப்போவாளோ என்று கோயிலில் கூழ் வார்க்கும் நாளில்கூட என்னைக் கேட்கிறார்கள். போலியோ சொட்டுப் போடும்போது அப்படி யாரும் கேட்டதில்லை. அவளிடம் புற்றுநோய் வராமல் இருக்க ஓர் ஊசி என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

உங்களுக்கு அந்தத் தடுப்பூசி வேண்டுமா? இப்போது இருக்கும் தொற்றையோ மாற்றத்தையோ அது குணப்படுத்தாது. முதலில் கோல்போஸ்கோபி முடியட்டும், அப்புறம் உங்கள் டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பரிசோதனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். ஸ்மியர் எடுத்தபோது படுத்தது போலவே படுப்பீர்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம் வினிகர், தடவுவார்கள். லேசாகக் காந்தும். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அரிசி அளவு சதை கிள்ளி எடுப்பார்கள். ஒரு சுருக்கென்ற வலி, இரண்டு நாள் கொஞ்சம் கசிவு, அவ்வளவுதான். லேசான மாற்றம் பல பெண்களுக்குத் தானாகவே சரியாகிவிடும், கண்காணித்தால் போதும். முற்றிய மாற்றம் என்று வந்தாலும் அது புற்றுநோய் அல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்குத் தங்கிவிட்ட தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகிறது. உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதற்காகத்தான்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஓர் அம்மா வந்தார். அவருக்கும் இதே போல லேசான மாற்றம் என்று எழுதிய காகிதம். மகளின் கல்யாணம் முடியட்டும், பேரன் பிறக்கட்டும் என்று அதைப் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். எங்களிடம் வந்தபோது மடிப்பு நைந்து எழுத்து பாதி அழிந்திருந்தது, அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்திருந்தது. உங்கள் கடிதத்தில் தள்ளிப் போடலாமா என்ற வார்த்தையைப் பார்த்ததும் அந்தக் காகிதம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

போகும்போது ஸ்மியர் முடிவையும் எச்.பி.வி. முடிவையும் எடுத்துப் போங்கள். முன்பு எடுத்த ஸ்மியர் ஏதாவது இருந்தால் அதன் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள் காகிதம் வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். மாதவிடாய் நாளாக அமைந்துவிட்டால் வராமல் இருந்துவிடாதீர்கள், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிப் பக்கத்திலேயே வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். சதை எடுத்தால் முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.